டர்பன் முதல் பிரிட்டோரியா வரை: தென்னாப்பிரிக்காவில் இந்தியத் தூதரகத்தின் வரலாறு

1927 ஜூன் மாதம் மகாகனம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்காவில் பொறுப்பேற்றார். அந்தப் பணியகத்துக்கு நூறு வயது நெருங்கும் வேளையில் வெளிவரும் இம்மலரில், அது பிறந்த கதையையும் வளர்ந்த கதையையும் சொல்வது முறை. இந்தப் பணியகம் நாற்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு நாட்டில் மக்களின் உரிமை சுருங்கும்போது இன்னொரு நாடு என்ன செய்யலாம், அந்த உரிமை மீளும்போது எப்படித் திரும்பி வரலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்தப் பணியகத்தின் வரலாற்றில் விடை உண்டு.

கப்பலில் வந்தவர்களும் அவர்களுக்காகப் பேசியவர்களும்

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் முதல் அணி அது. 1911இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும்வரை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க விரும்பியவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. ஒரு தொழிலாளியின் பல மாதக் கூலி அந்த வரியிலேயே போயிற்று.

1913இல் அந்த வரியை எதிர்த்தும், இந்திய முறைத் திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்தும் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகம் நமக்குத் தெரிந்ததே. சிறையில் நோயுற்று, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதே நாட்களில் சென்னையில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1913 நவம்பர் இறுதியில் சென்னைக்கு வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு, பொது நிகழ்ச்சி ஒன்றில் தென்னாப்பிரிக்க அரசின் நடத்தையை வெளிப்படையாகக் கண்டித்தார். பிரிட்டிஷ் பேரரசின் ஒரு பகுதியை ஆண்டவர், அதே பேரரசின் மற்றொரு பகுதியை மேடையில் குறை சொன்னது லண்டனுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் அடுத்த ஆண்டே வரி நீக்கப்பட்டது. வெளியிலிருந்து எழும் குரலுக்கும் பலன் உண்டு என்பதற்கு அது முதல் சான்றாயிற்று.

சாஸ்திரியின் அலுவலகம்

1926 டிசம்பரில் கேப் டவுனில் வட்டமேஜை மாநாடு கூடியது. இந்தியக் குழுவின் தலைவர் சென்னை சைதாப்பேட்டையில் பிறந்த சர் முகமது ஹபிபுல்லா; உறுப்பினர்களில் ஒருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. அங்கு உருவான கேப் டவுன் ஒப்பந்தத்தில் இரண்டு கூறுகள் இருந்தன. தாய்நாடு திரும்ப விரும்புவோருக்குத் தென்னாப்பிரிக்க அரசு பண உதவி செய்யும். தங்கிவிடுவோரின் கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை உயர்த்தும். இதைக் கண்காணிக்க இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் அங்கே இருப்பார். இன்றைய தூதரகத்தின் வேர் அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

அந்தப் பதவியை ஏற்கும்படி சாஸ்திரியை வற்புறுத்தியவர்களில் காந்தியும் ஒருவர். அரசியலில் இருவரும் எதிரெதிர் வழியில் நடந்தவர்கள். சாஸ்திரி மிதவாதி; இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர்; ஆங்கிலப் பேச்சில் நிகரற்றவர் என்று ஆங்கிலேயர்களே ஒப்புக்கொண்டவர். ஓர் இந்தியன் எப்படிப் பேசுவான், எப்படிச் சிந்திப்பான் என்பதை வெள்ளையர் சமூகம் நேரில் பார்க்க வேண்டும் என்று காந்தி எண்ணினார். அந்தக் கணக்கு ஓரளவு பலித்தது. சாஸ்திரியின் சொற்பொழிவுகளுக்கு வெள்ளையர்களும் திரண்டு வந்தார்கள். எல்லா ஊரிலும் அந்த வரவேற்பு இல்லை. டிரான்ஸ்வாலின் கிளர்க்ஸ்டார்ப் நகரில் அவர் பேசிய கூட்டத்தைக் கலைக்க அந்நகரின் துணை மேயரே ஆட்களோடு வந்தார். கூட்டத்தில் புகைக் குண்டு வெடித்தது.

அவர் விட்டுச் சென்ற நிலையான சொத்து டர்பனில் உள்ள சாஸ்திரி கல்லூரி. இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி தர ஒரு பள்ளி வேண்டும் என்று அவர் கேட்டார். வணிகர்களும் சாதாரணத் தொழிலாளர்களும் நன்கொடை தந்தார்கள். 1928இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1929 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் அத்லோன் பிரபுவால் திறந்துவைக்கப்பட்டது. அதற்குள் சாஸ்திரி ஊர் திரும்பிவிட்டிருந்தார். நேட்டாலில் இந்தியச் சமூகத்திலிருந்து வந்த ஆசிரியர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் பலர் அந்தப் பள்ளியின் வாசலைக் கடந்தவர்கள்.

சாஸ்திரிக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர்களின் வரிசை இது: நீதிக்கட்சி அமைச்சராக இருந்தவரும் 1937இல் சில மாதங்கள் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தவருமான சர் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு, குன்வர் சர் மகராஜ் சிங், சர் சையத் ரஸா அலி, பின்னாளில் ரிசர்வ் வங்கி கவர்னரான பெனகல் ராமராவ், சர் ஷஃபாத் அகமது கான், ஆர்.எம். தேஷ்முக். 1935இல் பதவியின் பெயர் ஏஜென்ட் ஜெனரல் ஆயிற்று. 1941இல் ஹை கமிஷனர் ஆயிற்று. ரஸா அலி கிம்பர்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண்ணை 1936இல் மணந்தபோது, இந்துத் தலைவர்கள் சிலர் எதிர்ப்புக் காட்டித் தங்கள் அமைப்புப் பதவிகளைத் துறந்தார்கள். வெள்ளையரின் பாகுபாட்டை எதிர்த்த சமூகத்துக்குள்ளேயே எத்தனை வேலிகள் இருந்தன என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இந்த இருபது ஆண்டு வேலையின் குறையையும் விழா மலர் மறைக்கக் கூடாது. கேப் டவுன் ஒப்பந்தம் இந்தியரைப் பற்றி மட்டும் பேசியது. அந்த நாட்டின் பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இந்தியரின் வழக்கை ஆப்பிரிக்கரின் வழக்கோடு சேர்த்தால் கிடைப்பதும் கெட்டுவிடும் என்று சாஸ்திரி காலத்து ராஜதந்திரம் நம்பியது. பதவியின் பெயர் உயர்ந்துகொண்டே போனதே தவிர, இந்தியரின் உரிமை குறைந்துகொண்டே வந்தது. 1943இல், டர்பனில் வெள்ளையரிடமிருந்து இந்தியர் நிலமும் வீடும் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கெஞ்சிக் கேட்கும் ராஜதந்திரம் அதற்குமேல் போக முடியாத இடத்துக்கு வந்துவிட்டது.

1946: விலகிய ஆண்டு

1946 ஜூனில் ஜெனரல் ஸ்மட்ஸ் அரசு ஆசியர் நில உடைமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியர் எங்கே வசிக்கலாம், எங்கே நிலம் வாங்கலாம் என்று அது எல்லை கீறியது. மக்கள் அதற்கு இட்ட பெயர் 'கெட்டோ சட்டம்'. ஜூன் 13 அன்று டர்பனில் சாத்வீக எதிர்ப்பு தொடங்கியது. தமிழரான டாக்டர் ஜி.எம். நாயக்கரும் டிரான்ஸ்வாலின் டாக்டர் யூசுப் தாதுவும் அதை வழிநடத்தினார்கள். இரண்டு ஆண்டுகளில் சுமார் இரண்டாயிரம் பேர் சிறை சென்றார்கள். அவர்களில் பெண்களும் கணிசமாக இருந்தார்கள்.

இந்தியா மூன்று முடிவுகளை எடுத்தது. மே மாதம் ஹை கமிஷனர் தேஷ்முக் திரும்ப அழைக்கப்பட்டார். ஜூனில் ஐக்கிய நாடுகள் சபையில் புகார் பதிவாயிற்று. ஜூலை 17 அன்று தென்னாப்பிரிக்காவுடனான வணிகம் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் நேருவின் இடைக்கால அரசுகூட அப்போது அமைந்திருக்கவில்லை. அது செப்டம்பரில்தான் வந்தது. சுதந்திரம் பெறாத ஒரு நாடு, பேரரசின் சக உறுப்பினர் ஒருவரோடு வணிகத்தை முறித்தது உலகம் காணாத செய்தி. அன்றைய இந்திய ஏற்றுமதியில் ஐந்து சதவீதத்துக்கு மேல் தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. தென்னாப்பிரிக்காவின் வணிகத்தில் இந்தியாவின் பங்கு அதைவிட மிகச் சிறியது. தண்டனை தந்தவருக்கே இழப்பு அதிகம். அது தெரிந்தே எடுத்த முடிவு என்பதால்தான் அதற்கு மதிப்பு.

அந்த ஆண்டு இறுதியில் நியூயார்க்கில் கூடிய பொதுச் சபையில் இந்தியாவின் சார்பில் விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். எதிர்த்தரப்பில் ஸ்மட்ஸே வந்து அமர்ந்திருந்தார். ஐ.நா. சாசனத்தின் முகவுரையில் மனித உரிமை பற்றிய சொற்கள் இடம்பெறக் காரணமானவர்களில் அவர் ஒருவர். இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்பது அவர் தரப்பு வாதம். இந்தியாவில் சாதியும் மதக் கலவரமும் இல்லையா என்றும் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் உண்மை இருந்தது. அதற்கு இந்தியா தன் சொந்த அரசியலமைப்பில்தான் பதில் எழுத வேண்டியிருந்தது. டிசம்பர் 8 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. தென்னாப்பிரிக்க இந்தியர் நடத்தப்படும் விதம் இரு அரசுகளின் ஒப்பந்தங்களுக்கும் ஐ.நா. சாசனத்துக்கும் இணங்க இருக்க வேண்டும் என்றது தீர்மானம். ஒப்பந்தங்கள் என்று அது சுட்டியவற்றுள் முதன்மையானது 1927இன் கேப் டவுன் ஒப்பந்தம். சாஸ்திரி காலத்துக் காகிதம் இருபது ஆண்டு கழித்து உலக மன்றத்தில் சாட்சி சொன்னது.

அந்த நாட்களில் நியூயார்க்கில் இன்னொரு மாற்றமும் நடந்தது. இந்தியக் குழுவுக்குத் துணைநிற்க தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் எச்.ஏ. நாயுடு, சோராப்ஜி ருஸ்தம்ஜி ஆகியோருடன் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைவர் டாக்டர் ஏ.பி. ஸூமாவும் இருந்தார். 1947 மார்ச்சில் ஸூமா, தாது, நாயக்கர் மூவரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மூவரும் மருத்துவர்கள் என்பதால் 'டாக்டர்கள் உடன்பாடு' என்று அது பெயர் பெற்றது. இனி போராட்டம் இணைந்தே நடக்கும் என்பது அதன் சாரம்.

சொன்னபடி நடப்பது எளிதாக இருக்கவில்லை. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். அந்தக் காயத்துக்குப் பிறகும் இருதரப்புத் தலைவர்களும் கைகோத்தே நின்றார்கள். ஆப்பிரிக்கரின் உரிமையை மறந்து தனிச்சலுகை தேட வேண்டாம் என்று ஆப்பிரிக்கா முழுதும் வாழும் இந்தியருக்கு நேரு திரும்பத் திரும்ப அறிவுறுத்தினார். 1952இல் இந்தியா உள்ளிட்ட 13 நாடுகள் நிறவெறிக் கொள்கை முழுவதையும் ஐ.நா.வின் நிகழ்ச்சி நிரலில் ஏற்றின. 1946இல் இந்தியரின் வழக்காகத் தொடங்கியது ஆறு ஆண்டுகளில் எல்லோருடைய வழக்காகவும் ஆயிற்று. இந்தப் பணியகத்தின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இதுதான்.

அலுவலகம் இல்லாத நாற்பது ஆண்டுகள்

ஹை கமிஷனர் போன பிறகும் கீழ்நிலை அதிகாரிகளைக் கொண்டு அலுவலகம் பெயரளவில் ஓடிக்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்க அரசின் வற்புறுத்தலால் 1954 ஜூலை 1 முதல் அதுவும் மூடப்பட்டது.

பணி மட்டும் இடம் மாறித் தொடர்ந்தது. 1961இல் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்திலிருந்து வெளியேற நேர்ந்ததில் இந்தியாவின் அழுத்தத்துக்குப் பங்கு உண்டு. 1963இல் தென்னாப்பிரிக்கக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் இந்தியத் துறைமுகங்களும் விமான நிலையங்களும் மறுக்கப்பட்டன. இந்தப் பாஸ்போர்ட் தென்னாப்பிரிக்கக் குடியரசுக்குச் செல்லாது என்று இந்தியப் பாஸ்போர்ட்டுகளில் அச்சிட்டிருந்ததை மூத்தோர் நினைவில் வைத்திருப்பார்கள். 1967இல் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் புதுதில்லியில் தன் ஆசியப் பணியகத்தைத் திறந்தது. இந்திய அரசு அதற்கு இடமும் உதவியும் அளித்தது. அங்கே பணியாற்றிய ஆல்ஃபிரட் ந்ஸோ 1994இல் சுதந்திரத் தென்னாப்பிரிக்காவின் வெளியுறவு அமைச்சரானார்.

ஐ.நா.வில் இதே வேலையைச் செய்துவந்தவர் ஈ.எஸ். ரெட்டி. நெல்லூர் மாவட்டத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஐ.நா. ஊழியராக, நிறவெறிக்கு எதிரான சிறப்புக் குழுவின் செயலாளராகவும் பின்னர் நிறவெறி எதிர்ப்பு மையத்தின் தலைவராகவும் இருந்து, கைதிகளின் குடும்பங்களுக்கு நிதி திரட்டுவது முதல் ஆயுதத் தடைக்கு ஆதரவு சேர்ப்பது வரை சத்தமின்றிச் செய்தார். 2020இல் மறைந்தார்.

விளையாட்டிலும் விலை கொடுத்தோம். 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியா இறுதிச் சுற்றை எட்டியது. எதிரணி தென்னாப்பிரிக்கா. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆட்டத்தின் உச்சத்தில் இருந்த காலம். இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. இந்தியா இன்றுவரை அந்தக் கோப்பையை வென்றதில்லை.

1979ஆம் ஆண்டுக்கான நேரு விருது சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவுக்கு அறிவிக்கப்பட்டது. அவர் சார்பில், அவருடைய இயக்கமான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைவர் ஆலிவர் தாம்போ வந்து பெற்றுக்கொண்டார். 1986இல் ஹராரேயில் அணிசேரா நாடுகள் தொடங்கிய ஆப்பிரிக்கா நிதிக்கு ராஜீவ் காந்தி தலைவரானார். இந்தியா 50 கோடி ரூபாய் வழங்க முன்வந்தது.

வணிகத் தடையில் ஓட்டைகளும் இருந்தன. சூரத்தின் பட்டறைகளுக்கு லண்டன் வழியாக வந்த வைரங்களில் தென்னாப்பிரிக்கக் கல் எது, வேறு நாட்டுக் கல் எது என்று பிரித்தறிய வழியில்லை. தடையின் சுமையில் ஒரு பங்கு டர்பன் இந்தியர் தலையிலேயே விழுந்தது. மளிகை, துணி, பூசைப் பொருள் என ஊர்ச் சரக்கை நம்பியிருந்த கடைக்காரர்களுக்கு நேர்வழி அடைபட்டது. உறவைக் காக்க விதித்த தடை உறவினரையே வாட்டியது என்ற முணுமுணுப்பு அங்கே இருந்தது. ஆனாலும் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தடையைத் தளர்த்தக் கேட்கவில்லை.

திரும்பி வந்த விதம்

1990 பிப்ரவரி 2 அன்று அதிபர் டி கிளார்க் விடுதலை இயக்கங்கள் மீதான தடையை நீக்கினார். பிப்ரவரி 11 அன்று மண்டேலா விடுதலையானார். உலகத் தலைநகரங்கள் பலவற்றில் அப்போதே ஒரு கேள்வி எழுந்துவிட்டது: மாற்றம் தொடங்கிவிட்டதே, இனியும் தடை எதற்கு? அமெரிக்கா தன் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைகளை 1991 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அந்தச் சட்டம் விதித்த நிபந்தனைகள் நிறைவேறிவிட்டன என்று அதிபர் புஷ் விளக்கம் தந்தார். மண்டேலாவின் இயக்கமோ, கறுப்பருக்கு இன்னும் வாக்குரிமையே வரவில்லை, அவசரம் வேண்டாம் என்றது.

இந்தியா வேறு அளவுகோலை எடுத்துக்கொண்டது. 1990 அக்டோபரில் மண்டேலா இந்தியா வந்தார். எந்த அரசுப் பதவியிலும் இல்லாத அவரை நாட்டுத் தலைவருக்குரிய மரியாதையோடு வரவேற்று, பாரத ரத்னா விருது வழங்கினார்கள். தடைகள் தொடரட்டும் என்று அவர் கேட்டார், அப்படியே தொடர்ந்தன.

1991 ஜூனில் குழு வாழிடச் சட்டம், நிலச் சட்டங்கள், மக்களை இனவாரியாகப் பதியும் சட்டம் ஆகியவை நீக்கப்பட்டன. இனப்பாகுபாட்டின் சட்டத் தூண்கள் சாய்ந்தன. ஜூலையில் சர்வதேச கிரிக்கெட் அமைப்பில் தென்னாப்பிரிக்காவை மீண்டும் சேர்க்கும் தீர்மானத்தை இந்தியா முன்மொழிந்தது. அக்டோபரில் ஹராரேயில் கூடிய காமன்வெல்த் தலைவர்கள் படிமுறை ஒன்றை வகுத்தார்கள். மக்கள் உறவு சார்ந்த தடைகள் முதலில் நீங்கும். வணிகத் தடை இடைக்கால ஏற்பாடு உறுதியான பின். நிதித் தடை அதற்கும் பின். ஆயுதத் தடை தேர்தலில் மக்களாட்சி அமைந்த பிறகே.

இந்தியா திரும்பிய பாதை இந்தப் படிகளை ஒட்டியே அமைந்தது. 1991 நவம்பர் 10 அன்று கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் ஏறக்குறைய 90,000 பேர் முன்னிலையில் கிளைவ் ரைஸின் தென்னாப்பிரிக்க அணி ஆடியது. அதற்குமுன் இந்தியாவோடு அந்த நாடு ஒருமுறைகூட ஆடியதில்லை. 1992 நவம்பரில் அசாருதீன் தலைமையில் இந்திய அணி டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் இறங்கியது. முன்பு இந்தியரும் ஆப்பிரிக்கரும் தனித்து ஒதுக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த மைதானம் அது. தமிழகத்தின் டபிள்யூ.வி. ராமன் செஞ்சூரியனில் 114 ஓட்டங்கள் எடுத்தது அந்தப் பயணத்தில்தான்.

1993 மே மாதம் ஜோகன்னஸ்பர்கில் இந்தியப் பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. தூதரகத்துக்கு முன்பே நூலகமும் நடனமும் போய்ச் சேர்ந்தன. செப்டம்பர் 24 அன்று மண்டேலா ஐ.நா.வில் பேசும்போது, தேர்தலுக்கு வழிகாட்டும் இடைக்கால நிர்வாகக் குழுவுக்கான சட்டம் நிறைவேறிவிட்டது, இனி பொருளாதாரத் தடைகளை நீக்கலாம் என்று அறிவித்தார். 1946இல் விதித்த வணிகத் தடை 47 ஆண்டுகளுக்குப் பிறகு 1993இல் முடிவுக்கு வந்தது. நவம்பரில் தென்னாப்பிரிக்க வெளியுறவு அமைச்சர் பிக் போத்தா தில்லி வந்தபோது தூதரக உறவு மீண்டும் நிறுவப்பட்டது. 1994 ஏப்ரலில் அந்த நாட்டின் எல்லா மக்களும் முதன்முறையாக வாக்களித்தார்கள். மே மாதம் பிரிட்டோரியாவில் இந்திய ஹை கமிஷன் திறக்கப்பட்டது. அதே மாதம் 10ஆம் தேதி மண்டேலா குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார்.

முதலில் மைதானம், பிறகு பண்பாட்டு மையம், அதன்பின் சந்தை, கடைசியில் தூதரகம் என்ற இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. ஒவ்வொரு படியையும் இந்தியா எடுத்து வைத்தது, அந்த நாட்டில் அடிபட்டவர்கள் இப்போது சரி என்று சொன்ன பிறகு. சீர்திருத்தம் அறிவித்த அரசைப் பார்த்து எடுத்த முடிவாக அது இருந்ததில்லை. இந்த நிதானத்தால் நஷ்டமும் வந்தது. முந்திச் சென்ற நாடுகளின் நிறுவனங்கள் சந்தையில் இடம் பிடித்துவிட்டன. அந்த நஷ்டத்தை அறிந்தே இந்தியா காத்திருந்தது.

திறந்த கதவுக்குப் பின்

1995 குடியரசு நாள் விழாவில் மண்டேலா தலைமை விருந்தினர். 1996இல் ஹை கமிஷனராகப் போனவர் கோபாலகிருஷ்ண காந்தி. தந்தை வழியில் மகாத்மாவின் பேரன், தாய் வழியில் ராஜாஜியின் பேரன். 1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம், 1997 ஏப்ரலில் அவருக்கு மறைவுக்குப் பின் நகரச் சிறப்புரிமை அளித்தது. அதை வழங்கியவர் மண்டேலா; பெற்றுக்கொண்டவர் இந்திய ஹை கமிஷனரான அந்தப் பேரன். அதற்கு முந்தைய மாதம் தில்லியில் மண்டேலாவும் பிரதமர் தேவ கவுடாவும் செங்கோட்டைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். இன்று பிரிட்டோரியாவில் ஹை கமிஷனும், ஜோகன்னஸ்பர்க், டர்பன், கேப் டவுன் நகரங்களில் துணைத் தூதரகங்களும் இயங்குகின்றன. பிரிக்ஸ் போன்ற அமைப்புகளில் இரு நாடுகளும் ஒன்றாக உட்கார்கின்றன.

தமிழருக்குத் தனியே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1996 டிசம்பர் 10 அன்று, உலக மனித உரிமை நாளில், ஷார்ப்வில் நகரில் மண்டேலா புதிய அரசியலமைப்பில் கையெழுத்திட்டார். அதன் 6ஆம் பிரிவு, நாட்டில் பேசப்படும் மற்ற மொழிகளையும் வளர்த்து மதிக்க வேண்டும் என்று கூறி அவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. அதில் தமிழ் இருக்கிறது. தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஆகியவையும் இருக்கின்றன. ஒப்பந்தக் கூலிகள் கப்பலில் கொண்டுபோன மொழி அந்த நாட்டின் உச்சச் சட்டத்தில் இடம்பெற்றது. டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, நிறவெறிக் காலத்தில் கைதிகளுக்காக வாதாடிய நவநீதம் பிள்ளை 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தார்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 1994 தேர்தலில் இந்திய வம்சாவளியினரில் பெரும்பான்மையோர், பெரும்பான்மை ஆட்சி பற்றிய அச்சத்தால், நிறவெறி ஆட்சியை நடத்திய தேசியக் கட்சிக்கே வாக்களித்தார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பன் அருகே ஃபீனிக்ஸில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மீண்டும் உயிர்கள் பலியாயின. இந்திய வெளியுறவு அமைச்சர் தென்னாப்பிரிக்க அமைச்சரோடு உடனே பேசினார். 1927இல் இருந்த கேள்வி இப்போதும் இருக்கிறது: இந்தப் பணியகம் யாருடைய உரிமைக்காகப் பேசுகிறது?

அதற்கான விடையைப் பணியகத்தின் வரலாறே தருகிறது. நம்மவருக்காக மட்டும் கேட்ட முதல் இருபது ஆண்டுகளில் ஒரு நல்ல பள்ளி கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. எல்லோருக்காகவும் கேட்கத் தொடங்கிய பிறகு அலுவலகத்தையே இழந்தோம். ஆனால் உலகம் நம் பக்கம் வந்தது. கதவு பூட்டியிருந்த அந்த நாற்பது ஆண்டுகளே இந்தத் தூதரகத்தின் மிகச் சிறந்த பணிக்காலம் என்பது இக்கட்டுரையின் முடிவு.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேட்டாலுக்குப் போன முன்னோரின் கடிதங்கள், கப்பல் பதிவுச் சீட்டுகள், பழைய பாஸ்போர்ட்டுகள், சாஸ்திரி கல்லூரிப் படங்கள், சாத்வீக எதிர்ப்பில் சிறை சென்றவர்களின் குறிப்புகள் தமிழ்நாட்டிலும் டர்பனிலும் பல வீட்டுப் பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைக் கரையான் தின்ன விடாதீர்கள். டர்பனிலுள்ள 1860 பாரம்பரிய மையத்துக்கோ, குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்துக்கோ ஒரு படியாவது கொடுத்து வையுங்கள். இந்த வரலாற்றில் அரசுக் கோப்புகள் சொல்லாத பாதியை அவைதான் சொல்ல முடியும்.